புதுப் பணி ஏற்கும் மகளுக்கு

சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை



ஆண்டு விழா மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசுவதே வழக்கம். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவன். கோப்பும் பதிவேடும் அன்றி வேறொன்று அறியேன். ஆகவே, “இளைஞர்களின் உத்தியோகத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுங்கள்” என்று செயலாளர் கேட்டபோது மிகவும் தயங்கினேன். அந்தத் தயக்கத்தைப் போக்கியவர் என் பக்கத்து வீட்டு நண்பர்.

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் அவர் கையில் ஒரு தாளுடன் என் வீட்டு வராந்தாவிற்கு வந்தார். அது அவருடைய மகளுக்கு வந்த பணி நியமனக் கடிதம். பட்டயக் கணக்கர் தேர்வில் வென்று, தணிக்கை அலுவலகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணியாற்றிய பெண் அவள். புதிய வேலை இந்நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்றில். துறையின் பெயர் ‘கார்ப்பரேட் டெவலப்மென்ட்’ என்று எழுதியிருந்தது.

“சார், கம்பெனிகளை வாங்குவதும் விற்பதும்தான் வேலையாம். இது என்ன, தரகு வேலையா? இருக்கிற நல்ல வேலையை விட்டுவிட்டு இதற்குப் போகிறேன் என்கிறாள். நாளைக்குச் சொந்தக்காரர்கள் கேட்டால் மகள் என்ன உத்தியோகம் பார்க்கிறாள் என்று சொல்வேன்?” என்றார் நண்பர்.

அவருக்குப் பின்னாலேயே வந்து நின்ற மகள், “மாமா, நீங்களாவது அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்” என்றாள்.

எனக்கே தெரியாததை நான் எப்படி எடுத்துச் சொல்வது? ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாலைதோறும் அவள் அந்த வேலை இன்னதென்று எனக்கு விளக்குவாள். அலுவலகங்கள் இணைவதையும் பிரிவதையும் பற்றி நான் கண்டதையும் படித்ததையும் அவளுக்குச் சொல்வேன். நண்பர் நடுவில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சின் சாரமே இன்றைய உரை. அந்த மகளும் இந்த அவையில் இருக்கிறாள். திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்கிறாள்.

முதலில் அந்த வேலை என்னவென்று பார்ப்போம். ஒரு நிறுவனம் வளர்வதற்கு வழிகள் இரண்டு. தன் நிலத்தில் தானே விதைத்து வளர்ப்பது ஒன்று. விளைந்து நிற்கும் அயல் நிலத்தை விலைக்கு வாங்கித் தன் நிலத்தோடு சேர்த்துக்கொள்வது மற்றொன்று. இந்த இரண்டாம் வழியைக் கவனிப்பதற்கென்றே பெரிய நிறுவனங்கள் ஒரு சிறு குழுவை வைத்திருக்கின்றன. எந்த நிறுவனத்தை வாங்கலாம், என்ன விலை தரலாம், யாரோடு கூட்டுச் சேரலாம், நமக்கு இனிப் பயன்படாத எந்தப் பிரிவை விற்றுவிடலாம் என்று ஆராய்வதும், பேச்சு நடத்துவதும், கையெழுத்தான பின் இரண்டையும் ஒன்றாகப் பொருத்துவதற்குத் துணை நிற்பதும் அக்குழுவின் கடமை. நிறுவன வளர்ச்சித் துறை என்று தமிழில் சொல்லலாம்.

இது தரகு வேலை அன்று. தரகர் இரு தரப்பையும் சேர்த்துவைத்துக் கூலி பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். இத்துறையில் இருப்பவரோ வாங்கியதை வைத்துக்கொண்டு வாழ வேண்டிய வீட்டைச் சேர்ந்தவர். பெண் பார்த்துக் கொடுத்த தரகருக்கும், அந்தப் பெண்ணை மருமகளாக அழைத்து வந்து ஒரே சமையலறையில் குடித்தனம் நடத்தும் மாமியாருக்கும் உள்ள வேறுபாடு இது என்று சொன்ன பிறகுதான் நண்பரின் முகம் தெளிந்தது.

நம் பெங்களூரில் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். 2007 ஆம் ஆண்டு இங்கே தொடங்கிய ஃபிளிப்கார்ட் நிறுவனம் 2014 இல் மிந்த்ராவை வாங்கியது. அந்த மிந்த்ரா 2016 இல் ஜபாங் என்னும் நிறுவனத்தை 7 கோடி டாலருக்கு வாங்கியது. 2018 இல் ஃபிளிப்கார்ட்டின் ஏறத்தாழ 77 விழுக்காடு பங்குகளை அமெரிக்காவின் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, அதே ஆண்டில் வாங்கி முடித்தது. வாங்கியவரும் ஒரு நாள் வாங்கப்படுவார் என்பதை இதிலிருந்து அறிகிறோம். வாங்கப்பட்டவற்றுள் மிந்த்ரா தன் பெயரோடு நிலைத்தது. ஜபாங் 2020 இல் மூடப்பட்டது. வாங்கிய கை ஒன்றே, விளைவு வேறு.

இத்தனை தொலைவு போவானேன்? நம்மில் பலருடைய சம்பளக் கணக்கு ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூரில் இருந்தது. 1913 இல் மைசூர் சமஸ்தானத்தில் தோன்றிய அந்த வங்கி, 2017 ஏப்ரல் முதல் நாள் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. வீட்டில் இருந்த காசோலைப் புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நாம் வரிசையில் நின்றது நினைவிருக்கும். நிறுவனங்கள் இணைவது செய்தித்தாளின் வணிகப் பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அது நம் வீட்டு அலமாரி வரைக்கும் வருகிறது.

இனி எனக்குத் தெரிந்த இரயில்வேக்கு வருகிறேன். என் தொழிலைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்தருள வேண்டும்.

நம் இரயில்வேயே பல கம்பெனிகளை ஒன்றாக்கி உண்டானதுதான். 1908 இல் மதராஸ் இரயில்வேயும் சதர்ன் மராட்டா இரயில்வேயும் ஒன்றாயின. பின்னர் 1951 ஏப்ரல் 14 ஆம் நாள், மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா இரயில்வே, தென்னிந்திய இரயில்வே, மைசூர் அரசு இரயில்வே ஆகிய மூன்றும் இணைந்து தென்னக இரயில்வே பிறந்தது. ஒரே நாளில் மூன்று பெயர்ப் பலகைகள் இறங்கி ஒரு பெயர்ப் பலகை ஏறியது.

ஆனால் தண்டவாளம் என்ன செய்தது? சென்னைப் பக்கத்திலிருந்து 1864 இல் பெங்களூருக்கு வந்த பாதை அகலப்பாதை. தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். இங்கிருந்து மைசூருக்குப் போன பாதை மீட்டர் பாதை. இடைவெளி 1,000 மில்லிமீட்டர். பெயர் ஒன்றான பிறகும், சென்னையிலிருந்து வந்தவர் பெங்களூரில் இறங்கி வேறு வண்டி ஏறித்தான் மைசூர் போக வேண்டியிருந்தது. மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. நாடு முழுவதும் பாதைகளை ஒரே அகலத்திற்குக் கொண்டுவரும் பெருந்திட்டம் 1992 இல் தொடங்கிய பிறகே இத்தகைய தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஏட்டில் இணைந்தது ஒரு நாளில். பாதையில் இணைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதற்குள் ஆட்சி எல்லைகளும் மாறின. 2003 இல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மேற்கு இரயில்வே செயற்படத் தொடங்கியபோது, பெங்களூர்க் கோட்டமும் அதில் சேர்ந்தது.

மகளே, உனக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். எந்த நிறுவனத்தை வாங்கச் சென்றாலும் பெயர்ப் பலகையைப் பார்க்காதே. தண்டவாளத்தின் அகலத்தை அளந்து பார். அவர்களுடைய கணக்கு முறை, கணிப்பொறி முறை, சம்பள முறை, விடுமுறை வழக்கம், மேலாளரிடம் எதிர்த்துப் பேச ஊழியருக்கு உரிமை உண்டா இல்லையா என்பது வரை எல்லாமே அகலந்தான். அகலம் ஒவ்வாத இடத்தில் மூட்டையை இறக்கி ஏற்றுவதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அந்தக் கூலியைச் சில சமயம் ஏழைகள் கொடுக்க நேர்கிறது. இதை நான் என் சொந்தப் பிழையினால் அறிந்தேன். ஒரு சமயம் இரண்டு அலுவலகங்களை ஒன்றாக்கினார்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டா. பணிப் பதிவேடுகளை ஒரே முறையில் திருத்தி எழுதும் வேலை எனக்கு வந்தது. ஓர் அலுவலகத்தில் விடுப்புக் கணக்கைப் பதிவேட்டிற்குள்ளேயே எழுதுவார்கள். மற்றதில் தனித் தாளில் எழுதிக் குண்டூசியால் குத்தி வைப்பார்கள். பாதைப் பராமரிப்புத் தொழிலாளி ஒருவருடைய தாள் மட்டும் கழன்று வேறொரு பதிவேட்டிற்குள் போயிருந்தது. நான் அதைக் கவனியாமல், இருந்ததைப் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஓய்வு பெற்றார். சேர்ந்திருந்த விடுப்புக்கு உரிய பணத்தில் 94 நாள் சம்பளம் குறைந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய மகள், தந்தை விடுப்பு எடுத்த நாட்களையெல்லாம் தேதிவாரியாக அதில் எழுதி வைத்திருந்தாள். “ஐயா, படித்தவர்கள் எழுதினது தப்பாக இருக்காது. இருந்தாலும் ஒரு தரம் பாருங்கள்” என்றார். மூன்று நாள் தேடி அந்தத் தாளைக் கண்டெடுத்தேன். பணம் அவர் கைக்குப் போய்ச் சேர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார் என்று பின்னால் தெரிந்தது. குறைந்த சம்பளத்தைக் கோப்பு திருப்பித் தந்தது. கொடுத்த வட்டியை எந்தக் கோப்பும் திருப்பித் தரவில்லை.

நான் கையாண்டவை இருநூறு பெயர்கள். நீ கையாளப் போகும் தாளில் இரண்டாயிரம், இருபதாயிரம் பெயர்கள் இருக்கலாம். அந்தத் தாளில் ஆட்குறைப்பினால் மிச்சமாகும் தொகை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குள் இருப்பவர்கள் எண்கள் அல்லர். கம்பெனி இணைந்ததனால் வேலை இழந்து வீட்டிலிருந்தவர்கள் நம் காலனியிலும் உண்டு. சில சமயம் ஆட்குறைப்பு தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதை முடிவு செய்யும் அதிகாரமும் உன்னிடம் இராது. ஆனால் அந்த வரி உண்மையாக எழுதப்பட்டதா, எத்தனை பேர், எந்த வயதினர், அவர்களுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் நீ இருப்பாய். கேட்க வேண்டியவர் கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி.

அடுத்தது, ஆராய்ந்து பார்க்கும் கலை. விலை பேசி முடிப்பதற்கு முன், வாங்கப்படும் நிறுவனத்தின் கணக்கு, வழக்கு, வரி, ஒப்பந்தம், சொத்து எல்லாவற்றையும் துருவிப் பார்க்கிறார்கள். அதன் அருமையை ஓர் எளிய கணக்கால் சொல்கிறேன்.

நம் தெருமுனையில் ஒரு சிற்றுண்டிச்சாலை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு லாபம் 12 லட்சம் ரூபாய் என்கிறார். 60 லட்சம் கேட்கிறார். ஐந்து ஆண்டில் முதல் திரும்பிவிடும் என்று தோன்றுகிறது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுபவர் முதலாளி. கல்லாவில் அமர்பவர் அவர் மனைவி. இருவருக்கும் சம்பளம் எழுதவில்லை. நாம் வாங்கினால் அந்த இரண்டு இடத்திற்கும் ஆள் வைக்க ஆண்டுக்கு 7 லட்சம் ஆகும். அப்போது லாபம் 5 லட்சந்தான். முதல் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகள். கடை வாடகை ஒப்பந்தமோ இரண்டு ஆண்டில் முடிகிறது. தோசை போடும் மாஸ்டர் முதலாளியின் ஊர்க்காரர். முதலாளி போனால் அவரும் போவார். அலுவலகங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய பாக்கி நோட்டில் லாபமாக நிற்கிறது; கைக்கு வரவில்லை. இப்போது 60 லட்சம் நியாயமா? பெரிய நிறுவனத்திலும் கேள்விகள் இவைதாம். இலக்கங்கள் மட்டுமே நீளும்.

கேளாமல் விட்டதற்கு ஒரு சான்று. 2008 இல் ஜப்பானின் தாய்ச்சி சாங்கியோ என்னும் மருந்து நிறுவனம், நம் நாட்டு ரான்பாக்ஸியின் பெரும்பங்கை ஏறத்தாழ 460 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் ரான்பாக்ஸியின் இரண்டு தொழிற்சாலைகளில் செய்த மருந்துகளுக்கு அமெரிக்கா தடை விதித்தது. 2013 இல் ரான்பாக்ஸி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. விற்றவர்கள் உண்மையை மறைத்தார்கள் என்று ஜப்பானியர் தொடுத்த வழக்கில், சிங்கப்பூரில் அமர்ந்த நடுவர் மன்றம் 2016 இல் 2,562 கோடி ரூபாய் தருமாறு முன்னாள் உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றாலும், இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. அதற்குள் ரான்பாக்ஸி சன் ஃபார்மாவின் கைக்கே போய்விட்டது.

ஏலத்தின் வேகத்திற்கு மற்றொரு சான்று. 2007 சனவரியில் கோரஸ் என்னும் ஐரோப்பிய எஃகு நிறுவனத்திற்காக டாட்டா ஸ்டீலும் பிரேசில் நாட்டு நிறுவனம் ஒன்றும் போட்டியிட்டன. பிரேசில் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 603 பென்ஸ் வரை வந்தது. டாட்டா 608 பென்ஸ் சொல்லி வென்றது. நாமெல்லாரும் பெருமிதம் கொண்டோம். அடுத்த ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்து எஃகின் தேவை குறைந்தது. பிரிட்டனில் உள்ள பிரிவு பல ஆண்டுகள் நட்டத்தில் உழன்றது. போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலை 2024 இல் அணைந்தது. ஏலத்தில் வென்ற நாள் வேறு. வாங்கியது நன்மையாக முடியும் நாள் வேறு. “இந்த விலைக்கு மேல் வேண்டாம்” என்று எழுந்து வரும் துணிவு இத்துறையில் பெரிய தகுதி.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று ஆறு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செயல், வலிமை, காலம், இடம் ஆகியவற்றை எண்ணிய பின், தக்க மனிதரைத் தேர்ந்து அவரிடம் வினையை ஒப்படைப்பது வரை அவை செல்கின்றன. அதற்கு அடுத்த அதிகாரம் சுற்றந்தழால். வணிகப் பள்ளிக்குப் போகாத நமக்கு இந்த வரிசையே ஒரு பாடத்திட்டம்.

இனி, திங்கட்கிழமை முதல் செய்ய வேண்டியவை.

சேருவதற்கு முன்பே நிறுவனத்தின் மூன்று ஆண்டு அறிக்கைகளைப் படித்துவிட வேண்டும். இதற்கு முன் எவற்றை வாங்கினார்கள், எதற்காக என்று அன்று சொன்னார்கள், இன்று அவை எந்த நிலையில் உள்ளன என்று ஒரு நோட்டில் மூன்று பத்திகளாக எழுது. அந்த நோட்டு உனக்கு நூறு சொற்பொழிவுகளைவிட மிகுதியாகக் கற்பிக்கும்.

முதல் மூன்று மாதம் பேசுவதைவிடக் கேட்பதே நன்று. உன் துறைத் தலைவரிடம் மட்டும் நில்லாமல், பொருளை விற்கும் பிரிவினரையும், சட்டம், வரி, பணியாளர் பிரிவுகளில் இருப்பவர்களையும் போய்ப் பார். வாங்கியதைச் சுமக்கப் போகிறவர்கள் அவர்களே. கணக்குத் தாள் போடும் திறமை உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தணிக்கையாளர் முடிந்துபோன ஆண்டைப் பார்க்கிறார். இத்துறையோ வராத ஆண்டுகளைப் பார்க்கிறது. வருங்காலத்தில் கைக்கு வரும் பணத்திற்கு இன்றைய மதிப்பு என்ன, இதுபோன்ற நிறுவனங்கள் என்ன விலைக்குப் போயின என்ற இரண்டு அளவுகோல்களையும் நன்றாகப் பழகிக்கொள். நீ போட்ட தாளில் எது தெரிந்த எண், எது ஊகித்த எண் என்று தனித்தனியே குறித்துவிடு. ஊகத்தை உண்மை போல எழுதுவதிலிருந்துதான் பெரும் பிழைகள் பிறக்கின்றன.

சட்டத்தின் படிகளையும் அறிய வேண்டும். குறித்த அளவுக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு இந்தியப் போட்டி ஆணையத்தின் அனுமதி வேண்டும். 2011 சூன் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நிறுவனங்களை ஒன்றாக்கும் திட்டங்கள் பெரும்பாலும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுக்குச் செல்கின்றன. எந்தப் படி எத்தனை மாதம் பிடிக்கும் என்று அறிந்தவரை எல்லாரும் தேடி வருவார்கள்.

இப்போது பெற்றோருக்கும் உற்றாருக்கும் ஒரு வார்த்தை. நம் காலனியில் ஒரு வீட்டில் தாளித்தால் நான்கு வீட்டிற்கு மணக்கும். செய்தியும் அப்படித்தான். இந்த மகளிடம் யாரும், “எந்தக் கம்பெனிப் பங்கு ஏறும்?” என்று கேட்கக் கூடாது. விளையாட்டாகவும் கேட்கக் கூடாது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தைப் பற்றி வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியை அறிந்தவர், அதைக்கொண்டு பங்கு வாங்குவதும் விற்பதும், உரிய காரணமின்றிப் பிறரிடம் சொல்வதும் குற்றம். பங்குச் சந்தை ஒழுங்காணையமாகிய செபியின் 2015 ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சித்தப்பா வாங்கினார், மாமா வாங்கினார் என்றாலும் விசாரணை அவள் மேசைக்குத்தான் வரும். இத்தகைய பேச்சுகளுக்கு நிறுவனத்திற்குள்ளேயே மறைபெயர் வைத்துத்தான் பேசுகிறார்கள். ஆகவே இரவு தாமதமாக வந்து, “அலுவலகத்தில் வேலை” என்று மட்டும் அவள் சொன்னால், தாயார் அதற்குமேல் கேளாமல் சோற்றைப் போட வேண்டும்.

அடுத்து, இந்த வேலையிலிருந்து எங்கே போகலாம்? நண்பரின் பெரிய கவலை இதுவே. இத்துறைக் குழுக்கள் சிறியவை. தலைவர் ஒருவர், அவருக்குக் கீழே சிலர். ஆகவே படிக்கட்டு குறுகல். ஆனால் பக்கவாட்டுக் கதவுகள் பல. வாங்கிய நிறுவனத்தைப் பொருத்தும் பொறுப்பை ஏற்று, பின் ஒரு பிரிவையே நடத்தும் தலைமைக்குப் போகலாம். நிதித்துறைத் தலைமையை நோக்கிப் போகலாம். நிறுவனங்களில் முதலீடு செய்யும் நிதியகங்களுக்குப் போகலாம். வளரும் புதிய நிறுவனம் ஒன்றில் நிதிப் பொறுப்பு ஏற்கலாம்.

எப்போது போகலாம்? கையெழுத்தான மறுநாள் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு இடம் தேடுவது எளிது. நான் வேறு விதமாகச் சொல்வேன். தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு மூன்று இணைப்புகளைப் பார். அவற்றுள் ஒன்றையாவது, இணைந்து ஓராண்டு ஈராண்டு ஆன பின் திரும்பிப் போய்ப் பார். நீ எழுதிய ஊகத்தில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று கணக்கெடு. உன் பேச்சினால் கைவிடப்பட்ட பேரங்களையும் உனக்குள் எண்ணிக்கொள். இந்த அனுபவத்தோடு போகிறவர் எங்கே போனாலும் மதிக்கப்படுவார். போகும்போது ஒப்புக்கொண்ட அறிவிப்புக் காலம் முழுதும் வேலை செய்து, பொறுப்பை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுப் போ. கோப்புகள் நிறுவனத்தின் சொத்து. அவற்றின் படி ஒன்றுகூட உன்னோடு வரக் கூடாது. புதிய இடத்து நேர்காணலில் பழைய இடத்து இரகசியத்தைச் சொல்லி வேலை பெற்றவரை, அங்கேயும் யாரும் நம்பமாட்டார்கள்.

உன் நிறுவனமே ஒரு நாள் விலைக்குப் போகலாம் என்பதையும் மறவாதே. வாங்குகிறவரிடமும் இதே துறை இருக்கும். இரண்டு குழுக்களுக்கு இடமிராது. ஆகவே ஆறு மாதச் செலவுக்குரிய பணம் தனியே இருக்கட்டும். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். குடும்பத்திற்கென்று தனிக் காப்பீடு ஒன்று எடுத்துவிடு. வேலை மாறும்போது வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவிடாமல் புதிய இடத்திற்கு மாற்றிக்கொள். ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடியுமுன் எடுத்தால் வரி கட்ட நேரும் என்பது உனக்குத் தெரியும்; பக்கத்தில் அமர்ந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரே இடத்தை நம்பி ஓர் ஊரே வாழ்ந்த கதை நமக்கு அருகிலேயே இருக்கிறது. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் சுரங்கத்தில் உழைத்தனர். சுரங்கம் ஆங்கிலக் கம்பெனியின் கையிலிருந்து 1956 இல் மைசூர் அரசின் கைக்கும், 1962 இல் மத்திய அரசின் கைக்கும் மாறியது. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். முதலாளி மாறினார், பெயர்ப் பலகை மாறியது, கடைசியில் வேலையே மறைந்தது. கற்ற தொழிலும் காலையில் எழும் பழக்கமுமே அவர்களோடு வண்டியேறி வந்தன. அவற்றை யாராலும் வாங்கவும் முடியாது, மூடவும் முடியாது.

நண்பரே, உங்கள் மகள் தரகு வேலைக்குப் போகவில்லை. இரண்டு வெவ்வேறு அகலப் பாதைகள் சந்திக்கும் நிலையத்தில் நிற்கப் போகிறாள். அங்கே மூட்டை சிதறாமல், பயணிகள் தவறாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது. சொந்தக்காரர்கள் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

மகளே, உன் புதுப் பையில் கணிப்பொறி இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். அந்தத் தொழிலாளியின் மகள் வைத்திருந்தாளே, அதைப் போல. பெரிய பதிவேடுகள் தவறும்போது உண்மை சில சமயம் அப்படிப்பட்ட நோட்டில்தான் இருக்கிறது.